தொண்ணூறு ஆயில் வாசம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகள் ஆயில் கேனின் மூடியைத் திருகியதும் கார் ஷெட் முழுக்க அந்த வாசம் பரவியது. பட்டறைகளில் 'தொண்ணூறு ஆயில்' என்கிற கியர் ஆயில் வாசம். என்ஜின் ஆயிலுக்கும் கிரீஸுக்கும் இந்த வாசம் கிடையாது. அழுகின முட்டையும் உரசின தீக்குச்சியும் சேர்ந்தது போல மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. சாப்பிடும்போது கையில் ரசத்தைத் தாண்டிக்கொண்டு வரும்.

"சித்தப்பா, இது கெட்டுப்போச்சுங்களா?" என்று முகத்தைச் சுளித்தாள்.

"கெட்டுப்போகல கண்ணு. அது கந்தகம்."

பின் ஆக்சிலில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் நேராக உருண்டு ஓடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றும். அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் பிதுங்கி ஓடிவிடும். இரும்பும் இரும்பும் நேரடியாக உரசித் தீய்ந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்க்கிறார்கள். சூடு ஏறும் இடத்தில் அவை பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காவல் நிற்கும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்தான் இங்கே பேசிக்கொண்டிருந்தது. மனசு கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்விட்டது.

அவள் வாங்கியிருப்பது ஒரு பழைய மாருதி ஜிப்சி, 1.3 லிட்டர். 2019ல் அந்த வண்டியைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியபோது எனக்கு வீட்டில் ஒரு கல்யாணச் சாவு நடந்த மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் கட்டை மாதிரி ஆக்சில், கழற்ற ஒரு ஸ்பேனர் செட் போதும். அதில் மாட்ட அவள் வரவழைத்த பெட்டியில் இருந்தது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். கிளட்ச் பிளேட் வகை. செய்தவர் பெயர் பெட்டியிலும் இல்லை, பொருளிலும் இல்லை. பெயருள்ள கம்பெனியின் சரக்கு விற்கும் விலையில் கால்வாசிதான். "இதை நம்பிப் போடலாமா?" என்பதுதான் அவள் கேள்வி. சுமார் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவும் நானும் கேட்ட அதே கேள்வி.

அண்ணனிடமும் ஜிப்சிதான் இருந்தது. பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தக் காலத்துக் கோயமுத்தூரில் பம்ப் செட்டும் கிரைண்டரும் செய்கிற கைகள் அப்படியே ரேஸ் வண்டிப் பக்கம் திரும்பிவிடும். கரிவரதன் இங்கேதான் மாருதி என்ஜினை வைத்து ஃபார்முலா வண்டிகள் கட்டினார். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது மெக்கானிக்குகள் பலர் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். அவருடைய பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வந்ததும், நாராயண் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும் அப்புறம் நடந்தவை. எங்களுக்கு ரேஸ் டிராக் இல்லை. பல்லடம் பக்கம் கேத்தனூரில், காற்றாலைகளுக்கு நடுவே போகிற சரளை மண் பாதைதான் எங்களுக்கு எல்லாமும். ராலிக்காரர்கள் ஓட்டுகிற பாதை. விசிறிகள் தலைக்கு மேல் சுற்றும் சத்தத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஓட்டுவார். நான் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பேன்.

வண்டியில் ஒரே குறை. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்பக்கத்துப் பின்சக்கரம் பாரம் குறைந்து சும்மா சுழலும். சரளை பின்னால் தெறிக்கும், என்ஜின் கத்தும், வண்டி நகராது. டிஃபரன்ஷியலின் சுபாவமே அதுதான். திருப்பத்தில் வெளிச்சக்கரம் நீண்ட தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். அதற்காக இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிறது. ஆனால் முறுக்குவிசையை மட்டும் இரண்டு பக்கமும் சரிசமமாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாமல் கால் பங்குதான் வாங்க முடியும் என்றால் மற்றதுக்கும் அதே கால் பங்குதான். நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கு எவ்வளவு பலம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தது பாலிடெக்னிக் வகுப்பு அல்ல. கணபதி மேஸ்திரிதான். ஊர்ப் பெயர்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. பூர்வீகம் காங்கேயம் பக்கம். விவசாயம் பொய்த்துப் போய் லேத்துக்கு வந்தவர். இளம் வயதில் பவுண்டரியில் வேலை செய்து இடது காது மந்தம். பேரிங் சத்தம் கேட்பதற்குப் பதிலாக உள்ளங்கையை ஹவுசிங்கின் மேல் வைத்துப் பார்ப்பார். "ரெண்டு மாடு பூட்டின வண்டி, கண்ணு. நுகத்தடிக்கு நடுவுல ஏர்க்காலு. ஒரு மாடு படுத்துக்கிச்சுன்னா இன்னொன்னு என்ன பண்ணும்? அதும் நின்னுக்கும்." இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை.

மாற்று வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்கள் இதே தொல்லையால் டயரைத் தேய்த்துத் தள்ளியபோது, ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியிடம் இதற்கொரு தீர்வு கேட்டார் என்பது சரித்திரம். 1956ல் அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைச் சாலையில் ஓடும் காரிலேயே கொடுத்தது. எங்களுக்கு அதெல்லாம் புத்தகத்தில் படிக்கிற விஷயம். வெளிநாட்டிலிருந்து ஒன்று வரவழைக்க விசாரித்தோம். அண்ணனின் ஆறு மாதச் சம்பளம் ஆகும் என்றார்கள்.

இன்னொரு வழி செலவே இல்லாதது. டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி சுற்றும். அண்ணனின் சிநேகிதர் ஒருவர் அப்படிச் செய்துகொண்டார். மண்ணில் வண்டி அருமையாகப் போனது. தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கதறும். மூன்றாவது வாரம் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்து சூலூர் அருகே நின்றுவிட்டார். மேஸ்திரி அந்த உடைந்த முனையைக் கையில் வாங்கிப் பார்த்தார். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. "பாவம்" என்றார். அவர் இரும்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூன்றாவது வழியை அவரே வரைந்தார், சாக்பீஸால், லேத் படுக்கையின் மேல். டிஃபரன்ஷியல் கூண்டுக்குள் ஸ்டார் பினியன்களுக்கு நடுவில் ஒரு காலி இடம் உண்டு. அங்கே இரண்டு தகடு. தகடுகளுக்கு இடையில் நாலு ஸ்பிரிங். ஸ்பிரிங் தகடுகளை வெளியே தள்ளும். தகடுகள் இரண்டு பக்கத்துப் பெவல் கியரின் முகத்திலும் அழுத்தி உராயும். ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடப் பார்த்தால் அந்த உராய்வு பிடித்து இழுக்கும். இந்த மாதிரி ஸ்பிரிங் தகடு வெளிநாட்டிலும் மலிவு விலையில் விற்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். கிரவுன், பினியன் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மலிவுக்குக் காரணமே அதுதான்.

ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தம் தரும்? அதை அளக்கக் கருவி கிடையாது. மேஸ்திரி ஒரு பைப்புத் துண்டுக்குள் ஸ்பிரிங்கைப் போட்டு, மேலே ஒரு ராடு வைத்து, ராடின் மேல் பலகையை வைத்தார். "ஏறி நில்லு சாமி" என்றார் என்னிடம். எனக்கு அப்போது 56 கிலோ. சுவரைப் பிடிக்காமல் நிற்கச் சொல்லிவிட்டு, என் கையில் ஒவ்வொன்றாகப் பம்ப் காஸ்டிங்குகளைக் கொடுத்தார். ராடு எவ்வளவு இறங்குகிறது என்று வெர்னியரில் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே பொருந்தும் உயரத்துக்கு ஸ்பிரிங் சுருங்கியபோது நானும் காஸ்டிங்கும் சேர்ந்து 90 கிலோவை ஒட்டி இருந்தோம். நாலு ஸ்பிரிங்கையும் அப்படியே எடை பார்த்தார். ஒன்று மட்டும் 80லேயே படுத்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். டீ கொண்டுவந்த பையன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தானும் ஏறி நிற்கிறேன் என்று அடம்பிடித்தான்.

முதல் ஜோடித் தகட்டைக் கன்மெட்டலில் கடைந்தார். பம்ப் புஷ்ஷுக்கு அதுதான் உத்தமம், வழுக்கிக்கொண்டு ஓடும், இரும்பைத் தின்னாது என்பது அவருடைய அனுபவம். ஊரே அப்படித்தான் நினைக்கும். வண்டியில் மாட்டி மூன்று மாதம் கழித்து ஆயிலை இறக்கினோம். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் தட்டில் விழுந்த ஆயிலை வெயிலுக்குக் காட்டினால் தங்கத் தூள் மிதந்தது. தகடுகளை வெளியே எடுத்தோம். கறுத்து, முகம் அரித்துப் போயிருந்தன. மேஸ்திரி அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஆயிலை மோந்து பார்த்தார். வெகுநேரம் பேசவே இல்லை.

பாலிடெக்னிக் நூலகத்தில் தேடி நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன்: எந்தக் கந்தகம் இரும்புப் பல்லைக் காப்பாற்றுகிறதோ, அதே கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். முப்பது வருடத் தொழில்காரர் இருபது வயதுப் பையன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். "பம்புக்குள்ள தண்ணி. இதுக்குள்ள கந்தகம். நாந்தான் யோசிச்சிருக்கணும்" என்றார். அந்த வாரக் கூலியை வாங்க மறுத்துவிட்டார். இரண்டாவது ஜோடியை இ.என். 353 ஸ்டீலில் செய்தார். கியர் செய்கிற ஸ்டீல் அது. கடைந்து, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பி மேற்பரப்பை மட்டும் கெட்டியாக்கி, கடைசியில் கிரைண்டிங். இந்த முறை ஸ்பிரிங்கும் கொஞ்சம் தடித்த கம்பி. என்னோடு டீக்காரப் பையனும் பலகையில் ஏற வேண்டியிருந்தது. அவனுடைய ஆசையும் நிறைவேறியது.

மாட்டுவது லேசான வேலை இல்லை. தகடுகளைச் சி-கிளாம்ப் போட்டு நெருக்கி, கூண்டுக்குள் நுழைத்து, குறுக்குப் பின்னைச் செலுத்தும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் தடவை கிளாம்ப் நழுவி, ஒரு ஸ்பிரிங் பறந்துபோய் முருகன் படம் போட்ட காலண்டரைக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதியது. மேஸ்திரி வேலையை நிறுத்தினார். கை கழுவிவிட்டு வந்து, காலண்டருக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் மறுபடி கிளாம்ப்பைத் தொட்டார்.

அளந்து பார்க்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டார். டார்க் ரெஞ்ச் அந்தத் தெருவிலேயே யாரிடமும் கிடையாது. அவருடைய சகலை ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தார். அங்கிருந்து ரெஞ்சைச் சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து திங்கட்கிழமை காலை சங்கு ஊதுவதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவருவார். ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டுக் கட்டை கொடுத்து, மற்றதை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, வீல் போல்ட்டில் மாட்டிய தகட்டின் நடு நட்டில் ரெஞ்சைப் போட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் விரலாலேயே சுற்றலாம். எங்களுடையது 3 கிலோகிராம்-மீட்டரில் அசைந்து கொடுத்தது. மேஸ்திரி மஞ்சள் பெயின்ட்டைத் தொட்டு ஹவுசிங்கின் அடியில் '3' என்று எழுதினார்.

"எதுக்குங்க மேஸ்திரி?"

"நாளைக்கு வேற எவனோ இதத் தொறப்பான். உள்ள என்ன இருக்குதுன்னு அவனுக்குத் தெரியணுமில்ல?"

கேத்தனூரில் என்ன நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். 3 கிலோகிராம்-மீட்டர் என்பது டயரின் விளிம்பில் கிட்டத்தட்ட 9 கிலோ தள்ளுவிசைதான். சக்கரம் முழுசாகக் காற்றில் தொங்கினால் அது எந்த மூலைக்கு? பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கியபோது வண்டி முன்பு போலவே நின்று சுழன்றது. பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மட்டும் மெல்ல ஏறி வந்தது. ஆனால் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிற உள்சக்கரம், அந்த வேகத் திருப்பங்களில், முன்பு போல வெறிபிடித்துச் சுழலவில்லை. பின்பக்கம் ஒரே சீராக விலகியது. அண்ணனுக்கு ஸ்டீயரிங்கில் நம்பிக்கை வந்தது. என்னுடைய ஸ்டாப்வாட்ச்சில் ஒரு சுற்றுக்கு ஒரு செகண்ட் மிச்சம். ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்தபோது 2க்கு இறங்கியிருந்தது. தகடு தேயத் தேய ஸ்பிரிங் தளரும். இந்த வகைக்கு அதற்கு மருந்தில்லை. மேஸ்திரி மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு எழுதினார்.

அண்ணனுக்குக் கல்யாணமானது, வண்டியை விற்றார். வாங்க வந்தவரிடம் முதல் காரியமாக அடியில் படுத்து அந்த எண்ணைப் பார்க்கச் சொன்னார். அவர் பயந்துபோய் விலையைக் குறைத்துக் கேட்டார். அண்ணன் குறைத்துக் கொடுத்தார்.

இப்போது நிலைமை வேறு. மஹிந்திரா தாரில் சில மாடல்களுக்கு ஈட்டன் கம்பெனியின் லாக்கிங் டிஃபரன்ஷியல் பின் ஆக்சிலில் கம்பெனியிலிருந்தே வருகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். வேறு பல வண்டிகளில் சுழலும் சக்கரத்தைக் கம்ப்யூட்டர் பிரேக் பிடித்து நிறுத்துகிறது. அன்று அண்ணன் காலால் செய்ததை இன்று ஒரு பெட்டி செய்கிறது. நல்லதுதான். மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் இவள் பழைய ஜிப்சியையே எடுத்துவந்து, முன்பின் தெரியாத பெட்டியை ஷெட்டில் பிரித்து வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

"முதல்ல மாட்ட வேண்டாம். அளந்து பார்க்கலாம்" என்றேன்.

அரை நாள் அதிலேயே போனது. அரத்தால் கூண்டின் விளிம்பில் ஓர் இழு. அரம் வழுக்கியது, கெட்டிதான். ஆக்சில் ஷாஃப்ட்டின் பல்லில் உள் கியரைப் பொருத்திப் பார்த்தோம். 26 பல்லும் ஆட்டமில்லாமல் இறங்கின. பிளேட்டுகளைப் பிரித்து, கண்ணாடி மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்று மட்டும் மயிரிழை வளைந்திருந்தது. அனுப்பியவருக்கு எழுதி, மாற்றுப் பிளேட் வர இரண்டு வாரம் ஆனது. அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு அந்தப் பொருளின் மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான். மற்ற பிளேட்டுகள் நேராக இருக்கின்றன என்பதை நானே என் கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா? மேஸ்திரியாக இருந்தால் உள்ளங்கையை வைத்தே சொல்லியிருப்பார்.

பிளேட் வந்துசேர்ந்து, போன ஞாயிறு மாட்டினோம். டிரம்மின் பின்தட்டு நட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டுகளை இழுத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அடையாளம் போட்டுக் கழற்றி, டிஃபரன்ஷியலை மொத்தமாக மடியில் வாங்கினோம். கிரவுனைப் புதுக் கூண்டுக்கு மாற்றியதால் பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையிலான இடைவெளியை, மறுபடி வைக்க வேண்டும், 0.10லிருந்து 0.15 மில்லிமீட்டருக்குள். டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே அவள் அட்ஜஸ்டரை ஒரு துளை முன்னும் ஒரு துளை பின்னுமாகத் திருப்பினாள். பற்களில் புளூ பூசிச் சுற்றிப் பார்த்தால் படிவு பல்லின் நடுவில் வந்திருந்தது. நாலாவது முயற்சியில்தான். நான் கை வைக்கவில்லை.

கந்தக ஆயிலோடு சின்னப் பாட்டிலில் வந்த உராய்வு மருந்தையும் சேர்த்து ஊற்றினோம். அது இல்லாவிட்டால் திருப்பங்களில் பிளேட்டுகள் கடகடவென்று பல்லைக் கடிக்கும். காலனியின் காலி மனையில் எட்டு போட்டு, எட்டு போட்டு, ஆயில் சூடாகும் வரை ஓட்டினாள். ஷெட்டுக்குத் திரும்பியதும் ஒரு சக்கரத்தைத் தூக்கினோம். டார்க் ரெஞ்ச் இப்போது அவளிடமே இருக்கிறது, டிஜிட்டல். மெதுவாக இழுத்தாள். 7ல் அசைந்தது.

போனில் குறித்துக்கொண்டாள். நான் அலமாரியில் மஞ்சள் பெயின்ட் டின்னைத் தேடி எடுத்தேன், காய்ந்து கல்லாகியிருந்தது. ஏன் தேடுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். உள்ளே போனவள் நகப்பூச்சுப் பாட்டிலோடு வந்தாள். வண்டிக்கு அடியில் கோணிச் சாக்கைப் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஹவுசிங்கைத் துணியால் நன்றாகத் துடைத்தாள்.

"ஏழுன்னு மட்டும் எழுதினா போதுங்களா, சித்தப்பா?"

"கிளட்ச் பிளேட்டுன்னும் எழுது. தேதியும் போட்டுடு."